பள்ளி ஸ்பிரிண்டர்களுக்குப் பயிற்சி: முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளித் தடகள அணியை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது ஒரு விசில், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு பெயர்ப் பட்டியல், இவ்வளவுதான் கைக்கு வரும். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. தேடிப் போனாலும் கிடைப்பவை பெரும்பாலும் முழுநேர வீரர்களுக்கான திட்டங்கள். பாடம், வீட்டுப்பாடம், தேர்வு என்று எல்லாவற்றுக்கும் நடுவில் வாரத்தில் சில மணி நேரமே ஒதுக்க முடிகிற, இன்னும் உயரம் கூடிக்கொண்டிருக்கிற 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அவற்றை அப்படியே மாட்டிவிட முடியாது. துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க நான் நிறைய அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

100, 200, 400 மீட்டர், தொடர் ஓட்டங்கள், இவற்றுக்கு மட்டுமே இது. படிக்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: களைத்த உடம்பு வேகத்தைக் கற்றுக்கொள்ளாது. கீழே சொல்லியிருக்கும் ஓய்வு, அளவு, அட்டவணை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

1. மைதானத்துக்கு முன்னால் காகிதங்கள்

பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு இவற்றை வாங்கி வையுங்கள்: பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், மருத்துவரின் தகுதிச் சான்று, பிறப்புச் சான்றின் நகல், இந்தப் பள்ளியில் படிக்கிறார் என்ற சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கைந்து, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள். இரண்டாவது எண் வேறொருவருடையதாக இருக்கட்டும். அப்பாவின் எண்ணையே இரண்டு இடத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு.

மருத்துவச் சான்று வெறும் முத்திரையாக முடிந்துவிடக் கூடாது. நான்கு கேள்விகளை நீங்களே பெற்றோரிடம் கேளுங்கள். ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? நெஞ்சு வலி வந்ததுண்டா? குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஆஸ்துமா உண்டா? முதல் மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் இதய மருத்துவர் பார்த்து எழுதித் தரும்வரை அந்தப் பிள்ளையை ஓட விடாதீர்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் ஓடலாம், ஆனால் இன்ஹேலர் மைதானத்தில் இருக்க வேண்டும், பையோடு வகுப்பறையில் அல்ல. பிள்ளை எடுக்கும் மருந்துகளின் பெயர்களையும் குறித்து வையுங்கள். தடை செய்யப்பட்ட மருந்துகளின் உலகப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. பெரிய மீட்டுக்கு, அதாவது தடகளப் போட்டிக்கு, போகும் பிள்ளை என்றால் மருந்துப் பெயரை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

வயது விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். உலகத் தடகள அமைப்பின் கணக்குப்படி, 18 வயதுக்குட்பட்டோர் என்றால் போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 16 அல்லது 17 வயது. பள்ளிப் போட்டிகளில் கணக்கிடும் தேதி வேறாக இருப்பது சகஜம். ஒரே பிள்ளை ஒரு மீட்டில் ஒரு பிரிவிலும் அடுத்த மீட்டில் வேறு பிரிவிலும் வரலாம். ஒவ்வொரு மீட்டின் அறிவிப்பிலும் அந்தத் தேதியைத் தேடிப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எழுத்து. பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி பெயர் இருந்தால் பதிவு மேசையில் நிறுத்துவார்கள். எங்கள் அணிப் பெண் ஒருத்தியை இனிஷியல் முன்னும் பின்னும் மாறியிருந்ததற்காக நிறுத்திவிட்டார்கள். வார்ம்-அப் முடித்து வியர்வையோடு வந்து நின்றவள், அசல் சான்று வந்து சேரும்வரை ஆணி பதித்த ஓட்டக் காலணியான ஸ்பைக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையோரமே நின்றாள். திருத்தம் வாங்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே முதல் வாரத்திலேயே இரண்டு சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

2. செலவு: எதை முதலில், எதை அப்புறம்

முதலில் வாங்க வேண்டியவை: 50 மீட்டர் அளவு டேப், நினைவகம் உள்ள ஸ்டாப்வாட்ச், ஒரு டஜன் கோன், முதலுதவிப் பெட்டி, தொடர் ஓட்டத்தில் கைமாற்றும் குச்சியான பேட்டன் இரண்டு. அடுத்து ஸ்டார்ட்டிங் பிளாக், அதாவது புறப்படும்போது கால்களை ஊன்றி உந்தும் பலகைகள். அணிக்கு இரண்டு ஜோடி இருந்தாலே சமாளிக்கலாம். ஸ்பைக்ஸ் மூன்றாவதுதான். ஏணி, பாராசூட், இழுக்கும் ரப்பர் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பைக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வளரும் கால் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கித் தருவார்கள் பெற்றோர். தளர்வான ஸ்பைக்ஸில் கால் உள்ளே வழுக்கும், கணுக்கால் பிரளும். விரல் நுனி முன்பக்கத்தைத் தொடாமல், ஆனால் குதிகால் அசையாமல் இருக்க வேண்டும். கால் வளர்ந்து பயன்படாமல் போன ஜோடிகளைப் பள்ளியிலேயே சேர்த்து வைத்து அடுத்தவருக்குக் கொடுங்கள். செலவு பெரிதும் குறையும். சின்தெடிக் ட்ராக்கில் ஆணி நீளம் 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 6 மில்லிமீட்டர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதும், பல ட்ராக்குகளில் அதற்கு மேல் அனுமதிக்கவும் மாட்டார்கள்.

கணக்கில் வராமல் பின்னால் வந்து கடிக்கும் செலவுகள் இவை: ஈவன்ட் ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம், பயணம், வெளியூர் மீட் என்றால் இரவுத் தங்கல், உடன் வரும் பெரியவர்களின் செலவு. சீசன் தொடங்கும்போதே மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள். மீட்டுக்கு முதல் நாள் பெற்றோரிடம் பணம் கேட்டால், தர முடியாத வீட்டுப் பிள்ளை காரணம் சொல்லாமலே வராமல் நின்றுவிடும்.

3. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சீசனின் முக்கியமான மீட் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்றே ஒன்றுதான். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். வழியில் வரும் தேர்வு வாரங்களை வேறு மையில் வட்டமிடுங்கள். தேர்வு வாரத்தில் பிள்ளை தூங்காது, அதனால் அந்த வாரம் பயிற்சி பாதிதான்.

கையில் 16 வாரம் இருந்தால் நான் பிரிப்பது இப்படி. முதல் 5 வாரம் அடித்தளம்: குறுந்தூரப் புறப்பாடு, ஏற்றத்தில் ஓட்டம், தாவல்கள், உடல் எடையைக் கொண்டே செய்யும் வலுப் பயிற்சி. அடுத்த 5 வாரம் உச்ச வேகம், பிளாக் பழக்கம். அதற்கடுத்த 4 வாரம் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஓட்டங்களும் சிறு மீட்களும். கடைசி 2 வாரத்தில் பயிற்சியின் அளவைப் படிப்படியாகப் பாதிக்குக் குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நான்காவது வாரமும் லேசான வாரம்.

எட்டே வாரம்தான் இருக்கிறதா? அடித்தளம் 2, வேகம் 4, கடைசி 2. நாள் குறைவு என்று ஒவ்வொரு நாளிலும் இரட்டிப்பாக அடைக்கப் பார்ப்பதுதான் இங்கே உள்ள பெரிய பொறி. அப்படிச் செய்தால் மூன்றாவது வாரத்திலேயே தொடைப் பின்தசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

கடைசி இரண்டு வாரத்தில் உங்களுக்கே பயமாக இருக்கும். இவ்வளவு குறைத்தால் பிள்ளைகள் மந்தமாகிவிடுவார்களோ என்று தோன்றும். ஆக மாட்டார்கள். சேர்த்து வைத்த பயிற்சி வெளியே தெரிய ஓய்வு வேண்டும். மீட்டுக்கு மூன்று நாள் முன்னால் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

4. முதல் வாரத்தில் அளந்து எழுதுங்கள்

நின்ற நிலையிலிருந்து 30 மீட்டர், 20 மீட்டர் ஓடி வேகம் பிடித்த பிறகு வரும் 20 மீட்டர், 150 மீட்டர், நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டல். இந்த நான்கும் போதும். முதலாவது புறப்பாட்டைக் காட்டும், இரண்டாவது உச்ச வேகத்தை, மூன்றாவது அதைத் தாங்கும் திறனை, நான்காவது கால் வெடித்துக் கிளம்பும் விசையை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி எடுங்கள். இதோடு உயரத்தையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஏன் என்பது 8ஆம் பகுதியில் வரும்.

கை நேரம் பற்றித் தெளிவாக இருங்கள். கையில் எடுக்கும் நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே காட்டும். 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடியும் 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். உங்கள் கடிகாரத்தில் 12.0 வந்தால் மின்னணுவில் 12.24 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், முதல் பெரிய மீட்டில் பலகையில் தன் நேரத்தைப் பார்த்ததும் பிள்ளை தான் மோசமாகிவிட்டதாக நினைத்து உடைந்துபோகும். நுழைவுப் படிவத்திலும் கை நேரமா மின்னணு நேரமா என்று குறிப்பிடுங்கள்.

கைபேசியில் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால் கடிகாரத்தைவிட அது மேல். விநாடிக்கு 240 படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 0.004 விநாடி. இரண்டு கோன்களுக்கு இடையில் எத்தனை படம் என்று எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும்.

யார் 100, யார் 400 என்று முதல் வாரத்திலேயே முத்திரை குத்திவிடாதீர்கள். 14 வயதில் பின்தங்கி ஓடும் பையன் 16இல் வேறு ஆளாக வந்து நிற்பான்.

5. வார அட்டவணை

முதலில் ஒரு கணக்கு. உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது அவருடைய மிக வேகமான 20 மீட்டர் 60க்கும் 80க்கும் நடுவில் வந்தது, 1.61 விநாடி. கடைசி 20 மீட்டரில் அவரும் 1.66க்கு மெதுவானார். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் உச்ச வேகத்தை இன்னும் சீக்கிரமே, பெரும்பாலும் 30க்கும் 50க்கும் நடுவில் தொட்டுவிடுகிறார்கள். அப்புறம் இறக்கம்தான். ஆகவே 100 மீட்டரை மறுபடி மறுபடி முழுசாக ஓட விடுவதில் பெரிய பயன் இல்லை. 30 மீட்டர் நன்றாக ஓடக் கற்றுக்கொண்டால் 100 தானாகக் குறையும்.

இரண்டாம் கட்டத்தில் ஒரு வாரம் இப்படி இருக்கலாம்:

திங்கள், புறப்பாடு. 10 மீட்டர் மூன்று, 20 மீட்டர் நான்கு, 30 மீட்டர் மூன்று. மொத்தம் 200 மீட்டர்தான். 

செவ்வாய், லேசான நாள். புல்லில் 100 மீட்டர் எட்டு தடவை, முழு வேகத்தில் 65 முதல் 70 சதவீதம், நடந்து திரும்ப வேண்டும். வயிறு, இடுப்புக்கான பயிற்சிகள்.

புதன், உச்ச வேகம். 20 மீட்டர் படிப்படியாக வேகம் ஏற்றி, அடுத்த 20 மீட்டர் முழு வேகம். நான்கைந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 4 முதல் 5 நிமிடம்.

வியாழன், ஓய்வு அல்லது நடந்தபடி பேட்டன் மாற்றுவது.

வெள்ளி, வேகத்தைத் தாங்குவது. 100 அல்லது 120 மீட்டர் மூன்று, நடுவில் 10 முதல் 12 நிமிடம்.

சனி, ஞாயிறு ஓய்வு. வாரத்தில் மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால் திங்கள், புதன், வெள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழு வேக நாட்களுக்கு நடுவில் 48 மணி நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த அடுக்கின் காரணம். வலுப் பயிற்சியையும் வேக நாளிலேயே, ஓட்டத்துக்குப் பிறகு வைத்துவிடுங்கள். லேசான நாள் லேசாகவே இருக்கட்டும்.

ஓய்வுக்கு ஒரு எளிய விதி: முழு வேகத்தில் ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம். 30 மீட்டர் என்றால் 3 நிமிடம். தசையில் உடனடியாகக் கிடைக்கும் சக்தி சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடுகிறது, அது மறுபடி நிரம்ப நிமிடங்கள் வேண்டும். நிரம்பும் முன் ஓடவிட்டால் அடுத்த ஓட்டம் 90 சதவீதத்தில்தான் வரும். அப்போது பிள்ளை பழகுவது அந்த 90 சதவீத ஓட்டத்தைத்தான்.

இந்த ஓய்வு பார்ப்பவர்களுக்கு உறுத்தும். எல்லாரும் சும்மா நிற்கிறார்களே, ரவுண்டு அடிக்கச் சொல்லக் கூடாதா என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் உங்கள் மேலதிகாரியாக இருப்பார். பொறுமையாக நேரங்களை எழுதிய நோட்டைக் காட்டுங்கள். 3 நிமிடம் விட்டால் என்ன, 1 நிமிடம் விட்டால் என்ன என்று ஒருநாள் இரண்டு வகையிலும் ஓட்டிப் பார்த்து எழுதி வைத்திருந்தால் வாக்குவாதமே தேவைப்படாது. பிள்ளைகள் நிற்கும் நேரத்தில் மெல்ல நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், முந்தைய ஓட்டத்தின் வீடியோவைப் பார்க்கட்டும்.

எப்போது நிறுத்துவது? 30 மீட்டர் நேரம் அன்றைய சிறந்ததைவிட 0.15 விநாடிக்கு மேல் கூடினால் அந்தப் பிள்ளைக்கு அன்று அவ்வளவுதான். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். எண்ணிக்கையை முடிப்பதற்காக ஓடும் கடைசி இரண்டில்தான் தசை கிழிகிறது.

75 முதல் 90 சதவீதம் வரை உள்ள ஓட்டம் வேகத்தை வளர்க்கவும் வளர்க்காது, களைப்பைத் தீர்க்கவும் தீர்க்காது. 400 மீட்டர்காரர்களுக்கு மூன்றாம் கட்டத்தில் அது கொஞ்சம் வேண்டும். வாரத்தில் ஒருநாள், 200 மீட்டர் மூன்று அல்லது 300 மீட்டர் இரண்டு, நடுவில் 8 நிமிடமாவது ஓய்வு. மற்றவர்களுக்கு வேண்டாம்.

6. வார்ம்-அப்பும் ஓடும் முறையும்

20 முதல் 25 நிமிடம் ஒதுக்குங்கள். மெல்லோட்டம், கால் வீச்சுகள், நடந்தபடி லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கித் தாழ்வது), ஏ-ஸ்கிப் (முழங்காலை உயர்த்தித் துள்ளி முன்னேறுவது), முழங்கால் உயர்த்தல், அப்புறம் 40 மீட்டர் ஓட்டங்கள் மூன்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாக. ஓட்டத்துக்கு முன் ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச் தசை வெடித்துக் கிளம்பும் விசையைக் குறைக்கும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஓடும் முறையைத் திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒரு குறிப்புதான். கையைப் பார், தலையைப் பார், முழங்காலைத் தூக்கு என்று அடுக்கினால் பிள்ளை மரம்போல ஓடும். நான் கண்ணைவிடக் காதை அதிகம் நம்புகிறேன். ட்ராக் ஓரத்தில் திரும்பி நின்று கேளுங்கள். நன்றாக ஓடுபவரின் கால் தரையில் டக் டக்கென்று குறுகிய சத்தம் தரும். பாதம் உடலுக்கு ரொம்ப முன்னால் விழுந்தால் சத்தம் கனத்து இழுபடும். அந்தப் பிள்ளையிடம் "காலை நீட்டாதே, உனக்குக் கீழேயே வை" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று ஓட்டத்திலேயே சத்தம் மாறுவதைக் கேட்கலாம். ஓடுபவரும் அதைக் கேட்பார், அதுதான் இதில் பெரிய வசதி.

7. பிளாக்

முன் பலகை கோட்டிலிருந்து இரண்டு பாத நீளம், பின் பலகை மூன்று பாத நீளம். இங்கிருந்து தொடங்கி ஆளுக்கேற்ப நகர்த்துங்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு முன் 'செட்' என்று சொன்னதும் இடுப்பை உயர்த்தி நிற்கும் நிலையில் முன் முழங்கால் சுமார் 90 டிகிரி, பின் முழங்கால் 120 முதல் 130 வரை, இடுப்பு தோளைவிடச் சற்று மேலே. சரியான அளவு கிடைத்ததும் பிளாக்கில் உள்ள துளை எண்ணைப் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டும். மீட்டில் வேறு நிறுவனத்தின் பிளாக் இருக்கும் என்பதால் பாதக் கணக்கையும் சேர்த்து நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முந்திப் புறப்பட்டால் முதல் தடவையே வெளியேற்றம் என்பது 2010 முதல் சர்வதேச விதி. சில பள்ளிப் போட்டிகளில் ஒரு எச்சரிக்கை தருவார்கள், அறிவிப்பைப் படித்துவிடுங்கள். துப்பாக்கிச் சத்தத்தை ஊகித்துப் புறப்படப் பழக்காதீர்கள். பயிற்சியில் 'செட்'டுக்கும் சத்தத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். சில தடவை சத்தமே கொடுக்காமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

8. காயம்: எங்கே, எப்போது

ஸ்பிரிண்டர்களுக்கு அதிகம் வரும் காயம் தொடைப் பின்தசைக் கிழிசல். முழு வேகத்தில் ஓடும்போது முன்னால் வீசிய கால் தரையைத் தொடப் போகும் நொடியில் அந்தத் தசை நீண்ட நிலையில் பாரத்தைத் தாங்குகிறது. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சியை வாரம் இருமுறை வைத்தால் இந்தக் காயம் கணிசமாகக் குறைகிறது. ஐந்து தடவையிலிருந்து தொடங்குங்கள், முதல் வாரம் வலி இருக்கும். மீட் வாரத்தில் வேண்டாம்.

பிடித்துக்கொண்டது மாதிரி இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது. ஓடினால் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லக் கேட்காதீர்கள்.

வளரும் பிள்ளைகளிடம் இன்னொன்று உண்டு. பெண்களுக்குச் சுமார் 12 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 14 வயதிலும் உயரம் வேகமாகக் கூடும். அந்தக் காலத்தில் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடம்தான் பலவீனமான இடம். முழங்காலுக்குக் கீழே உள்ள முடிச்சிலோ குதிகாலிலோ வலி என்றால் ஓட்டத்தையும் தாவலையும் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு எலும்பருகே அல்லது உட்காரும் எலும்பருகே டக்கென்று சத்தத்தோடு வலி வந்தால் எலும்புத் துண்டே பெயர்ந்திருக்கலாம், உடனே எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். மாதாமாதம் உயரம் அளக்கச் சொன்னது இதற்காகத்தான். திடீரென்று கூடும் மாதங்களில் தாவல்களைப் பாதியாக்கிவிடுங்கள். ஓட்டம் கொஞ்ச நாள் தடுமாறும், நேரம்கூடப் பின்னுக்குப் போகலாம். அது வளர்ச்சியால் வருவது, சோம்பலால் அல்ல என்பதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோனாலோ எப்போதும் களைப்பாகவே இருந்தாலோ அது பயிற்சியின் அடையாளம் அல்ல. உணவு போதாமல் இருக்கலாம், இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். இதைப் பேச வசதியாக அணியோடு ஒரு பெண் ஆசிரியர் இருப்பது அவசியம்.

வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். சூட்டில் பிள்ளை உளறினாலோ தடுமாறினாலோ முதலில் உடம்பை நீரால் குளிரவையுங்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். அதிகாலைப் பயிற்சி வைத்து அதில் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டு வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

9. தொடர் ஓட்டம்

சாதாரண அணிகள்கூட நல்ல இடம் பிடிக்கக்கூடிய ஈவன்ட் இது. பேட்டன் பழக்கத்துக்கு வாரத்தில் 20 நிமிடம் ஒதுக்கினால் போதும். 4×100இல் மாற்று மண்டலம், அதாவது பேட்டனைக் கைமாற்ற வேண்டிய பகுதி, இப்போது 30 மீட்டர். பழைய விதியில் 10 மீட்டர் முன்னோட்டமும் 20 மீட்டர் மண்டலமும் தனித்தனியாக இருந்தன. சில மைதானங்களில் பழைய கோடுகளே இருக்கும் என்பதால், காலையிலேயே நடுவரிடம் கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கணக்கில் வருவது பேட்டன் இருக்கும் இடம், ஓடுபவரின் கால் அல்ல.

வாங்குபவர் தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கி 20 பாத நீளம் அளந்து ஒரு குறி ஒட்ட வேண்டும். வருபவர் அந்தக் குறியைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமல் முழு வேகத்தில் புறப்பட வேண்டும். எட்ட முடியாமல் போனால் குறியை ஒரு பாதம் கிட்டே கொண்டு வாருங்கள், மேலே முட்டினால் ஒரு பாதம் தள்ளி வையுங்கள். இதை முழு வேகத்தில், ஸ்பைக்ஸோடு மட்டும்தான் சரிபார்க்க முடியும். மெதுவாக ஓடிப் பார்த்து வைத்த குறி போட்டியில் பொய்யாகிவிடும். நான்கு பேரில் ஒருவர் வராவிட்டால் என்ன செய்வது என்று ஐந்தாவது ஆளையும் இரண்டு இடங்களுக்குப் பழக்கி வையுங்கள்.

10. மீட் நாள்

முதல் ஈவன்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் மைதானத்தில் இருங்கள். எடுத்துப் போக வேண்டியவை: சான்று உறைகள் அசலோடு, எண் துணி, ஊக்குகள் நிறைய, ஸ்பைக்ஸ் திருகும் சாவி, கூடுதல் ஆணிகள், டேப், ஐஸ், தண்ணீர், மாற்றுக் காலுறை.

கால் ரூம் (call room) என்பது போட்டிக்கு முன் ஓடுபவர்கள் வந்து பெயர் கொடுக்க வேண்டிய இடம்; அந்த நேரத்தைப் போட்டி நேரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். போட்டி 10:00 என்றால் கால் ரூம் 9:40க்கே மூடிவிடலாம், பிந்தியவருக்கு இடமில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பேனாவால் கால் ரூம் நேரத்தை மட்டும் எழுதிவிடுங்கள். ஹீட்ஸ் எனப்படும் தகுதிச் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் 200 மீட்டர் வரை 45 நிமிடமாவது தர வேண்டும் என்பது சர்வதேச விதி. பள்ளி மீட்டில் அது கிடைக்காமலும் போகலாம். 100, 200, ரிலே மூன்றிலும் ஒரே பிள்ளையைப் போடும் முன் கால அட்டவணையை வைத்து எத்தனை சுற்று வரும் என்று கூட்டிப் பாருங்கள். இரண்டு நாளில் ஏழு ஓட்டம் என்று வந்தால் ஒரு ஈவன்டைக் கழித்துவிடுங்கள்.

முடிவுக் கோட்டில் கணக்கில் எடுப்பது நெஞ்சுப் பகுதியை. தலையோ கையோ காலோ அல்ல. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது 0.01 விநாடியில்: அவர் 55.42, வெண்கலம் வென்றவர் 55.41. நெஞ்சை முன்னால் சாய்ப்பதைப் பயிற்சியில் பழக்குங்கள். ஆனால் கோட்டைத் தாண்டி 5 மீட்டர் வரை ஓடச் சொல்லுங்கள். சீக்கிரம் சாய்ந்தால் தடுமாறி இழப்பதே அதிகம்.

முடிவுப் பலகையில் பெயர், பிரிவு, நேரம் மூன்றையும் சரிபார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறு இருந்தால் முறையீட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 30 நிமிடம்தான். அதற்குக் கட்டணமும் கேட்பார்கள், கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும். சான்றிதழ்களை அன்றே வாங்கிவிடுங்கள், எழுத்துப் பிழை இருந்தால் மேசை கலைவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

11. கடைசி மீட்டுக்குப் பிறகு

இரண்டு முதல் மூன்று வாரம் ஓட்டப் பயிற்சிக்கு முழு ஓய்வு. நீச்சல், பந்து விளையாட்டு, எது பிடிக்கிறதோ அது. ஸ்டாப்வாட்ச் வெளியே வரக் கூடாது. அந்த இடைவெளியில் நீங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: தொடக்க நேரம், கடைசி நேரம், வந்த காயம், பிளாக் அளவு, ரிலே குறி, கூடிய உயரம். ஒரு நகல் பிள்ளைக்கு, ஒரு நகல் பள்ளிக் கோப்புக்கு. அடுத்த வருடம் நீங்களே இருந்தாலும் வேறொருவர் வந்தாலும் முதல் வாரத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். சான்று உறைகளையும் அதே கோப்பில் வையுங்கள். மருத்துவச் சான்றை மட்டும் புதிதாக வாங்க வேண்டும், மற்றவை பெரும்பாலும் அப்படியே செல்லும்.